அய்யர்மலை ஏற விரும்பும் முழங்கால்களுக்கு

சம்பா அறுவடை முடிந்து நெல் களத்திலிருந்து வீடு வந்து சேரும் தை, மாசி மாதங்களில் நம் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. முழங்கால் வலிக்காகப் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுவருபவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுவார். கதவருகே சென்றபின் ஏதோ மறந்தவர்போலத் திரும்பி நின்று, "டாக்டர், மலை ஏறலாங்களா?" என்பார்.

எந்த மலை என்று கேட்டால் பழனி என்பார் ஒருவர். வெள்ளியங்கிரி என்பார் இன்னொருவர். சதுரகிரி, பருவதமலை என்போரும் உண்டு. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலில் வாழும் நமக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மலை எதுவும் அருகில் இல்லை. வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தென்படும் பேருயரம் பெரிய கோயில் விமானந்தான். அதுவும் ஏறத்தாழ 66 மீட்டர். மலையற்ற ஊரில் பிறந்தவர்களுக்கே மலைமீது ஆசை மிகுதி என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

முன்பெல்லாம் இக்கேள்விக்கு நாங்கள் "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் விடையளித்துவந்தோம். அதன் விளைவை இரு வகையாகக் கண்டோம். சொன்ன சொல் தட்டாதவர்கள் மலையை மட்டுமல்லாமல் மாடிப்படியையும், பிறகு கடைத்தெருவையும், இறுதியில் வாசல் திண்ணையையும் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் எங்களிடம் சொல்லாமலே சென்று வந்து, மூன்றாம் நாள் வீங்கிய முழங்காலுடன் எங்கள் முன் அமர்ந்து, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றார்கள். இரண்டும் நல்ல மருத்துவத்தின் விளைவுகள் அல்ல. ஆகவே எலும்பு மூட்டுப் பிரிவும் இயன்முறை மருத்துவப் பிரிவும் கலந்து பேசி, "ஏறலாமா?" என்ற கேள்வியை "எப்படி இறங்கப் போகிறீர்கள்?" என்று மாற்றிக் கேட்கத் தொடங்கினோம். அவ்வாறு கேட்டதன் பயனாகச் சென்ற ஆண்டு நாங்களும் ஒரு மலை ஏறி வந்தோம். அதன் விவரமே இக்கட்டுரை.

பாபநாசம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் அம்மையார் ஒருவர், வயது 64. நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவர். எக்ஸ்ரே படத்தில் இரு முழங்கால்களின் உட்பக்க இடைவெளியும் குறுகியிருந்தது. வலப்புறம் சற்று அதிகம். ஆவணி மாதம் ஒரு நாள் அவர் கேட்டது அய்யர்மலையைப் பற்றி.

"எங்க குலசாமி அது. ஏழு வருசமா ஏறல. மருமவளுக்குப் பிள்ளை பொறந்தா மேல ஏறி வந்து கும்புடுறேன்னு வேண்டிக்கிட்டேன். பிள்ளைக்கு இப்ப நாலு வயசு ஆவுது டாக்டர்."

கோயிலுக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே கும்பிடலாமே என்று சொல்வது எளிது. அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்று கருதினோம்.

அய்யர்மலை குளித்தலைக்குத் தெற்கே மணப்பாறைச் சாலையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தேவாரப் பாடல் பெற்ற இத்தலத்தின் பழம்பெயர் திருவாட்போக்கி. காவிரித் தென்கரைத் தலங்களை மேற்கிலிருந்து எண்ணினால் முதலில் வருவது இதுவே. மலைமேல் இரத்தினகிரீசுவரர், சுரும்பார்குழலி அம்மை. இறைவனுக்குக் காவிரியிலிருந்து நீர் சுமந்து சென்று திருமுழுக்காட்டுவது வழக்கம். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 1,017 படிகள். காலையில் குளித்தலைக் கடம்பரையும், நண்பகலில் அய்யர்மலைச் சொக்கரையும், அந்தியில் ஆற்றின் வடகரையிலுள்ள ஈங்கோய்மலை நாதரையும் ஒரே நாளில் வழிபடுவது வழிவழி வந்த மரபு. அம்மையாரின் வேண்டுதலும் நண்பகல் பூசைக்கே. மருத்துவர்களாகிய எங்களுக்கு 1,017 படிகளைவிட அந்த நண்பகல்தான் கவலை தந்தது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

ஏற்றமும் இறக்கமும்

மலையேறும்போது மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, தொடை கனக்கிறது. ஆகவே ஏறுவதே கடினம் என்று எண்ணுகிறோம். இதயத்தையும் நுரையீரலையும் பொறுத்தவரை அது உண்மை. முழங்காலின் கணக்கு வேறு. பெர்லின் நகர ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவியைப் பொருத்தி, நோயாளிகளை நடக்கவும் படி ஏறவும் இறங்கவும் செய்து, மூட்டின்மீது விழும் சுமையை நேரடியாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு; படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல்; இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அம்மையாரின் எடை அப்போது 68 கிலோ. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு முழங்கால் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கியாக வேண்டும். கால் மாற்றி இறங்கினால் ஒரு முழங்காலுக்கு ஐந்நூறு முறைக்கு மேல்.

சுமை மட்டுமன்று, அதைத் தாங்கும் விதமும் வேறு. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுப் பிடிக்கிறோமே, அத்தகைய வேலை. கை சோர்ந்தால் வாளி தொப்பென்று விழும். தசை சோர்ந்தால் உடல் எடை அப்படியே மூட்டின்மீது விழும். மலையில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது களைத்த கால்களுடன் இறங்கும்போதுதான். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடையில் எழும் வலியும் இந்த 'விட்டுப் பிடித்தல்' தந்ததே.

ஜப்பானியர் யூய்சிரோ மியூரா 2013 மே மாதம் தம் 80-ஆம் வயதில் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அச்செய்தியைப் படித்துவிட்டு, "எண்பது வயசுல அவரே ஏறிட்டாரு" என்று எங்களிடம் வாதிடுவோர் உண்டு. வாழ்நாள் முழுதும் பனிச்சறுக்கு வீரராக இருந்தவரை நமக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தாது. எனினும் அவர் கதையில் நாங்கள் விரும்பும் பகுதி ஒன்று உண்டு. உச்சியைத் தொட்டபின், 6,500 மீட்டர் உயரத்திலிருந்த இரண்டாம் முகாமிலிருந்து அவர் ஹெலிகாப்டரில் இறங்கினார். ஏறியதை எவரும் மறுக்கவில்லை. இறங்கிய விதத்தை எவரும் குறை கூறவில்லை.

அய்யர்மலைக்கு ஹெலிகாப்டர் வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ரோப் கார் பயன்பாட்டுக்கு வந்தது. பழனியில் அவ்வசதி 2004 முதல் உள்ளது. இழுவை ரயில் அதற்கும் பல ஆண்டுகள் முந்தையது. முதியவர்கள் அதில் ஏறிச் சென்று படியில் இறங்கி வருவதைப் பழனியில் பலமுறை கண்டிருக்கிறோம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. வலிமையும் நேரமும் இருந்தால் நடந்து ஏறுங்கள். இறங்கும்போது ரோப் காரில் வாருங்கள்.

அம்மையாரிடம் இதைச் சொன்னபோது முகம் வாடினார். "நடந்து ஏறுறேன்னுதானே வேண்டிக்கிட்டீங்க? நடந்து இறங்குறேன்னு வேண்டலியே?" என்று எங்கள் இயன்முறை மருத்துவர் கேட்டார். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான் பாப்பா" என்றார்.

சமவெளியில் மலைக்குப் பயிற்சி

மூட்டுத் தேய்மானம் என்றதும், தேய்ந்துபோன வண்டிச் சக்கரத்தைப்போல இனி ஓட்டினால் மேலும் தேயும் என்ற அச்சம் எழுகிறது. முழங்கால் அவ்வாறான பொருளன்று. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை. மூட்டிலுள்ள நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, அந்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டுக்கு உணவு குறைகிறது. ஆகவேதான் மாத்திரைக்கு முன்பே பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம்.

அம்மையாரின் தொடை வலிமையை அறிய ஓர் எளிய சோதனை செய்தோம். வீட்டிலும் செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து முப்பது வினாடிகளில் எத்தனை முறை முழுவதும் எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். அறுபது முதல் அறுபத்து நான்கு வயதுவரையுள்ள பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழும், அதே வயது ஆணுக்குப் பதினான்குக்குக் கீழும் வந்தால் தொடைவலு குறைவு என்று பொருள். அவருக்கு வந்தது எட்டு. வயலில் நாள் முழுதும் குனிந்து உழைப்பவருக்கு எட்டுத்தானா என்று வியக்க வேண்டாம். நடவு முதுகின் வேலை. தொடைக்கு அதில் பயிற்சி குறைவு.

முதல் ஆறு வாரங்கள் நாற்காலியே மலை. பத்து முறை எழுதல், ஓய்வு, மீண்டும் பத்து. எழுவதைவிட அமர்வதை மெதுவாகச் செய்யச் சொன்னோம்; நான்கு எண்ணும்வரை இறங்கி அமர வேண்டும். அது இறக்கத்துக்கான பயிற்சி. பிறகு வாசற்படி ஒன்றில் நின்று ஒரு காலை மெல்லக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு மீண்டும் மேலே எடுப்பது. அதன்பின் ஆற்றங்கரை. நம் ஊர்களில் சரிவு என்று இருப்பது ஆற்றுக்கரையும் வாய்க்கால் கரையுந்தான். தஞ்சை நகரத்தவர்க்குப் புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய்க் கரை. அம்மையாருக்கு அவர் ஊர் வாய்க்கால் கரை. ஏறி இறங்க, ஏறி இறங்க. ஈரப் படித்துறையை மட்டும் விலக்கினோம். பாசி படிந்த படியில் பயிற்சி வேண்டியதில்லை.

வலித்தால் நிறுத்துவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ பாதியாகக் குறைக்க வேண்டும்.

புரட்டாசியில் நடவு வந்து மூன்று வாரம் பயிற்சி நின்றது. கார்த்திகை மழையில் கரை சேறானது. கார்த்திகைச் சோமவாரத்துக்கே மலைக்குப் போய்விட வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். அந்நாட்களில் அங்கே பெருங்கூட்டம் கூடும். பாறையும் மழையில் நனைந்திருக்கும். மாசிக்குத் தள்ளி வைக்கக் கேட்டுக்கொண்டோம். இதற்குள் அவர் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அக்கணக்கில் அவர் அடிக்குப் பன்னிரண்டு கிலோ இறக்கி வைத்திருந்தார். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, இரவுச் சோற்றைப் பாதியாக்கியதாகச் சொன்னார். நெல் விளைவிக்கும் கை அதைச் செய்வது எளிதன்று.

மார்கழியில் சுவாமிமலை. அது கட்டுமலை, மனிதர் எழுப்பிய மேடு. அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயரால் அறுபது படிகள். கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் எங்களுடன் சேர்ந்துகொண்டார். எழுபது வயதைக் கடந்தவர். இரண்டாண்டுகளுக்கு முன் வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டவர். தாம் பிறந்த ஜய ஆண்டு இருபத்தெட்டாம் படி என்று கணக்கிட்டு, முதல் வாரம் அதுவரை மட்டும் ஏறி நின்று, "பிறந்துட்டேன், இனிமே வளரணும்" என்றார். மூன்றாம் வாரம் அட்சய ஆண்டை எட்டினார்.

தை அறுவடைக்குப் பின் திருச்சி மலைக்கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பெரும்பகுதி நிழலான வழி. நடுவே தாயுமானவர் சந்நிதியில் இளைப்பாறலாம். தஞ்சையிலிருந்து ரயிலில் போய் மாலைக்குள் திரும்பலாம். பெரிய மலைக்குமுன் உங்களைச் சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் நம் வட்டாரத்தில் இல்லை. அங்கேதான் கம்பு பிடிக்கக் கற்பித்தோம். வெள்ளியங்கிரிக்குச் சென்றவர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு விற்பதைப் பார்த்திருப்பார்கள். அலங்காரப் பொருளன்று அது. சரிவில் இறங்கும்போது இரு கைகளிலும் கம்பு ஊன்றினால் முழங்காலின் சுமை 12 முதல் 25 விழுக்காடுவரை குறைவதாக 1999-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. படியில் கைப்பிடி இருந்தால் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் கம்பு.

கால் வைக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஒரு முழங்கால் மட்டும் அதிகம் வலிப்பவர்கள் ஏறும்போது நல்ல காலை முன்னே வைக்க வேண்டும். இறங்கும்போது நோவுள்ள காலை முன்னே வைக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அப்படி இறங்கும்போது உடலை விட்டுப் பிடிக்கும் வேலை முழுவதையும் மேற்படியில் நிற்கும் நல்ல காலே செய்கிறது. ஆயிரம் படி என்றால் ஆயிரம் முறையும் அதே கால். ஆகவே நல்ல காலுக்கும் சமமாகப் பயிற்சி வேண்டும். இல்லையேல் ஒரு காலைக் காக்கப்போய் மற்றதையும் இழப்போம்.

மலையில் வெறுங்கால்

நண்பகலைக் கண்டு நாங்கள் அஞ்சியதன் காரணம் இதுதான். நம் மலைக்கோயில்களில் வெறுங்காலுடன் ஏறுகிறோம். மாசி வெயிலில் பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு உள்ளங்காலின் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவது தெரியாமலே நடந்து, கொப்புளங்களுடன் வீடு திரும்பி, அது புண்ணாகி, விரலை இழந்தவர்களை இம்மருத்துவமனையில் பார்த்திருக்கிறோம். அம்மையாருக்கு எட்டாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. உள்ளங்காலைச் சோதித்ததில் உணர்ச்சி நன்றாகவே இருந்தது; இருந்தும் சூடேறிய படியில் அவரை இறக்க எங்களுக்கு மனமில்லை. விடியற்காலையில் ஏறி, மேலே நிழலில் இருந்து நண்பகல் பூசையைக் கண்டு, ரோப் காரில் இறங்குவது என்ற திட்டம் முழங்காலுக்கும் உள்ளங்காலுக்கும் ஒருசேரப் பொருந்தியது. ரோப் கார் இயங்கும் நேரத்தையும், பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டுள்ளதா என்பதையும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மலையேறும் நாளின் அளவைத் தாங்களாகவே மாற்றக் கூடாது. முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சட்டைப்பையில் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். ஏறுமுன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு வீட்டைப் பூட்டிச் செல்வதற்கு அது சமம். வியர்த்து நீர் வற்றிய உடலில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

இதயத்தைப் பற்றி நாங்கள் போதிய அளவு எண்ணவில்லை என்பதை மலையில்தான் உணர்ந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை

மாசி மாதத்து இரண்டாம் திங்கள். அதிகாலை நான்கு மணிக்கு வேனில் புறப்பட்டோம். நோயாளிகள் நால்வர், அவர்கள் குடும்பத்தார், மருத்துவர் ஒருவர், இயன்முறை மருத்துவர் இருவர். குளித்தலையில் காவிரியை நோக்கி வடக்குமுகமாய் நிற்கும் கடம்பரை வணங்கிவிட்டு அடிவாரத்தை அடைந்தபோது பொழுது விடிந்திருந்தது. ஆறே முக்காலுக்கு முதற்படி.

நூறு படிக்கொரு முறை நிற்பது என்று முன்பே முடிவு செய்திருந்தோம், களைத்தாலும் களைக்காவிட்டாலும். குடும்பத்தாரிடமும் ஒன்று சொல்லியிருந்தோம். பெரியவர்களின் கையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டாம். ஏறும்போது அவர்களுக்குப் பின்னே ஒரு படி கீழேயும், இறங்கும்போது அவர்களுக்கு முன்னே ஒரு படி கீழேயும் நில்லுங்கள். தடுமாறினால் தாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். அம்மையாரின் மருமகள் இதைக் கடைசிப் படிவரை மறக்கவில்லை. தோளில் நான்கு வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மகன் முன்னே சென்றார்.

அறுநூறாவது படியை நெருங்கியபோது ஆசிரியர் மண்டபத் தூணில் சாய்ந்து நின்றார். முழங்கால் எப்படி என்று கேட்டோம். முழங்கால் நன்றாகவே இருக்கிறது என்றார். முகம் வெளுத்து, நெற்றியில் அளவுக்கு மீறி வியர்த்திருந்தது. தாடை கனக்கிறதா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கி, ஆமாம் என்றார். மலைக்கோட்டையிலும் அப்படித்தான் இருந்ததாம். சொன்னால் கூட்டிச் செல்ல மாட்டோம் என்று மறைத்துவிட்டாராம். பொய் சொல்லக் கூடாதென்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்.

உட்கார வைத்து, ஆஸ்பிரின் கொடுத்து, கனம் நீங்கியபின் நடக்க விடாமல் நாற்காலியில் சுமந்து இறக்கினோம். அதற்கு உதவிய அடிவாரத்து இளைஞர்கள் ஒரு பைசாவும் வாங்கவில்லை. மருத்துவர் அவருடனேயே ஆம்புலன்ஸில் திரும்பினார். இதயத் தமனி ஒன்றில் பெரும் அடைப்பு இருந்தது. அன்று மாலையே ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. இப்போது நலமாக இருக்கிறார்.

பல ஆண்டுகள் முழங்கால் வலியால் நடக்காமல் இருந்தவரின் இதயம் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நடந்தால்தானே நெஞ்சு அடைப்பது தெரியும்? முழங்கால் இதயத்தை மறைத்துவிடுகிறது. மூட்டு குணமாகி மலைக்கு ஆயத்தமானதும் மறைந்திருந்த நோய் வெளிப்படுகிறது. ஆசிரியரின் முழங்காலை ஆறு மாதம் அளந்த நாங்கள் அவருக்கு ஒருமுறை டிரெட்மில் சோதனை செய்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மலையேறும் பருவத்தில் வெள்ளியங்கிரியில் பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் உயிரிழந்த செய்தியைப் படித்தவர்கள்தாம் நாங்களும். இப்போது மலையேறக் கேட்கும் எவரும், முழங்காலுக்காகவே வந்தாலும், முதலில் இதயப் பிரிவுக்குச் சென்று வருகிறார்கள். மலையில் நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ கனமோ அழுத்தமோ தோன்றினால், உச்சி பத்துப் படியில் இருந்தாலும் அங்கேயே அமர்ந்துவிட வேண்டும். உடன் வந்தவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

அம்மையார் ஆசிரியரைச் சுமந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பிவிடலாமா என்று கேட்டோம். தம் நாடியை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் நீட்டி, "நீ சொல்லு பாப்பா, நான் போலாமா கூடாதா" என்றார். அவருடைய இதயத்தை மட்டும் சர்க்கரை நோயை முன்னிட்டுத் தையிலேயே சோதித்திருந்தோம். போகலாம் என்றோம். அதன்பின் ஐம்பது படிக்கொரு முறை நின்றோம். ஒன்பதரை மணிக்கு உச்சி. கிழக்கே பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாக வயல்களும், அவற்றின் வடக்கே ஒரு வெள்ளிக் கோடாகக் காவிரியும் தெரிந்தன. "இந்தத் தண்ணிதான் நம்ம வாய்க்காலுக்கு வருதா?" என்று பேரன் கேட்டான். அம்மையார் விடை சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நண்பகல் பூசை முடிந்து, சிறிது காத்திருந்து ரோப் காரில் இறங்கினோம். அதில் ஏறும்போது மட்டும் அவர் அஞ்சினார். மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கண்களை மூடியவர் அடிவாரம் வந்துதான் திறந்தார்.

மூன்றாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்தபோது முழங்கால் வீக்கம் இல்லை. சுற்றளவு முன்போலவே இருந்தது. தொடையில் மட்டும் வலி. உள்ளங்காலில் காயமில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவருகே சென்று திரும்பி நின்றார்.

"காலையில கடம்பரைப் பாத்தாச்சு, மத்தியானம் சொக்கரைப் பாத்தாச்சு. அந்திக்கு ஈங்கோய்மலை பாக்கி நிக்குது டாக்டர்."

நாற்காலிப் பயிற்சியை ஒரு வாரம் கழித்துத் தொடங்கலாம் என்று சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தோம்.